மொட்டை மூக்கின் ரகசியம்: விண்வெளி வீரர்களை வீடு திரும்ப வைத்த ஹார்வி ஆலன்

விண்வெளிக்குக் கிளம்பும் ராக்கெட்டின் முனை கூராக இருக்கும். ஆனால், அங்கிருந்து மனிதர்களைச் சுமந்துகொண்டு திரும்பும் கலத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வாணலியின் அடிப்பாகம்போல லேசாகப் புடைத்த அகலமான பக்கத்தை முன்னால் நீட்டிக்கொண்டு வரும். ஒலியைவிட 25 மடங்கு வேகத்தில் காற்றுக்குள் பாயும் ஒரு பொருள், ஊசிபோல இல்லாமல் ஏன் இப்படி மொட்டையாக இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு 1951இல் விடை கண்டவர் ஹாரி ஜூலியன் ஆலன். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘ஹார்வி’. விமானப் பொறியியல் படித்தவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். வெளியுலகில் அவரைவிட அவர் சொன்ன வடிவம்தான் பிரபலம். மெர்க்குரி, ஜெமினி, அப்போலோ, சோயுஸ், டிராகன், நம்ம ஊர் ககன்யான் என எல்லாக் கலங்களும் அந்த மழுங்கிய வடிவத்தையே நம்புகின்றன.

ஆனால், ஆலனின் விடைக்குள்ளேயே இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது. அந்த மொட்டை மூக்கின் மேல் ஓடும் காற்று எப்போது அமைதி இழந்து கொந்தளிக்கும்? அவர் இறந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்னும் அதற்கு முழுமையான கணக்கு கிடைக்கவில்லை.

இறக்கையில் தொடங்கிய பயணம்

1910 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் உள்ள மேவுட் என்ற ஊரில் ஆலன் பிறந்தார். கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து 1932இல் பட்டம் பெற்றார். தொடர்ந்து 1935இல் விமானப் பொறியியலில் உயர் பட்டமும் வாங்கினார்.

அடுத்த ஆண்டே வேலை கிடைத்தது. அப்போது நாசா கிடையாது. அதன் முன்னோடியான என்.ஏ.சி.ஏ. என்ற அரசு அமைப்பு, வர்ஜீனியா மாநிலத்தின் லாங்லியில் பெரிய ஆய்வுக்கூடம் வைத்திருந்தது. விமான இறக்கைகளின் வடிவத்தை ஆராய்வதில் உலகில் முன்னணியில் இருந்த இடம் அது. 26 வயது ஆலன் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அந்தச் சமயத்தில் ஈஸ்ட்மன் ஜேக்கப்ஸ் தலைமையிலான குழு ஒன்று புது வகை இறக்கையை உருவாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. இறக்கையின் மேல் காற்று எவ்வளவு தூரம் அமைதியாக ஓடுகிறதோ, அவ்வளவுக்கு உராய்வு குறையும், எரிபொருள் மிச்சம். வேண்டிய அழுத்தப் பரவலை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற இறக்கை வடிவத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் முறையில் ஆலன் உழைத்தார். பின்னாளில் அவர் செய்த வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். உண்மையில் இரண்டிலும் ஒரே கேள்விதான்: காற்றை எப்படி அமைதியாக வைத்திருப்பது?

காற்றுக்கு எப்போது கோபம் வரும்?

ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள். புகை முதலில் நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போகும். கொஞ்ச உயரம் போனதும் திடீரென்று நெளிந்து, சுழன்று, கலைந்துவிடும். நேராகப் போனது வரிச்சீர் ஓட்டம். கலைந்தது சுழற்சி ஓட்டம், அதாவது டர்புலன்ஸ். பிளஸ் 1 இயற்பியலில் படித்தது லேசாக ஞாபகம் வரலாம்.

ஒரு பொருளின் மேல் காற்று ஓடும்போது, மேற்பரப்பை ஒட்டி மெல்லிய படலம் ஒன்று உருவாகும். இதற்கு ‘எல்லை அடுக்கு’ என்று பெயர். மேற்பரப்பைத் தொடும் காற்று அதோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். சற்றுத் தள்ளியிருக்கும் காற்று முழு வேகத்தில் பாயும். இரண்டுக்கும் இடையில் வேகம் படிப்படியாக ஏறும் பகுதிதான் எல்லை அடுக்கு. விமான இறக்கையில் இதன் தடிமன் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான்.

இந்தப் படலம் வரிச்சீராக இருக்கும்வரை, சீட்டுக்கட்டில் உள்ள சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதுபோலக் காற்று ஓடும். மேலே இருக்கும் காற்று கீழே இறங்கி மேற்பரப்பைத் தொடாது. சுழற்சி ஓட்டமாக மாறிவிட்டால் கதை வேறு. சின்னச் சின்னச் சுழல்கள் மேலே உள்ள வேகமான காற்றை அள்ளிக்கொண்டு வந்து மேற்பரப்பில் கொட்டும். உராய்வு எகிறும். மேலே இருப்பது சூடான காற்று என்றால், சூடும் சேர்ந்தே கீழே வந்து இறங்கும்.

லாங்லி ஆய்வுக்கூடத்தின் புது இறக்கைகள் காற்றுச் சுரங்கத்தில் பிரமாதமாக வேலை செய்தன. அந்த ஆராய்ச்சியின் பலனை, இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்ற பி-51 மஸ்டாங் போர் விமானம் தன் இறக்கையில் எடுத்துக்கொண்டது. ஆனால், நிஜமாகப் பறக்கும் விமானத்தில் ஆய்வுக்கூடத்தின் அமைதி நீடிக்கவில்லை. தொழிற்சாலையில் வரும் சின்ன மேடு பள்ளம், ரிவெட் தலைகள், ஒட்டிய தூசி, மோதிச் செத்த பூச்சிகள் என எது கிடைத்தாலும் காற்று அதைச் சாக்காக வைத்துக்கொண்டு கொந்தளித்தது. வடிவம் எவ்வளவு சரியாக இருந்தாலும், மேற்பரப்பில் உள்ள ஒரு துளி மேடு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இந்தப் பூச்சிக் கதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விண்வெளியிலும் இது திரும்ப வரும்.

எதிர்க்காற்றில் சுட்ட துப்பாக்கி

1940இல் என்.ஏ.சி.ஏ., கலிஃபோர்னியாவின் மாஃபெட் ஃபீல்டில் ஏம்ஸ் என்ற புதிய ஆய்வுக்கூடத்தைக் கட்டத் தொடங்கியது. இன்று கூகுள் தலைமையகம் இருக்கும் மவுண்டன் வியூவுக்குப் பக்கத்தில்தான் அந்த இடம். லாங்லியிலிருந்து அங்கே மாற்றலாகிப் போனவர்களில் ஆலனும் ஒருவர். 1945இல் அதிவேக ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார்.

போர் முடிந்திருந்தது. விமானங்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டும் காலம் நெருங்கியது. ஆனால், அதையும் பல மடங்கு தாண்டிய வேகங்களைச் சோதிக்கக் கருவி இல்லை. காற்றுச் சுரங்கத்தில் காற்றை அவ்வளவு வேகமாக ஊதுவது பெரும்பாடு.

ஆலன் ஒரு எளிமையான யோசனை சொன்னார். சுரங்கத்தில் ஒலியைவிட வேகமாகக் காற்றை ஓடவிடுவோம். அந்தக் காற்றுக்கு எதிராக, குட்டி மாதிரி ஒன்றைத் துப்பாக்கியில் வைத்துச் சுடுவோம். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களின் வேகம் கூடுவதுபோல, காற்றின் வேகமும் குண்டின் வேகமும் சேர்ந்துகொள்ளும். 1949இல் இந்தக் கருவி செயல்பாட்டுக்கு வந்தது.

மாதிரி பறந்து போகும்போது, கண நேர ஒளிவீச்சில் அதன் நிழலைப் படம் பிடிப்பார்கள். காற்றின் அடர்த்தி மாறும் இடங்களெல்லாம் அந்த நிழற்படத்தில் கோடுகளாகத் தெரியும். அதிர்வலை எங்கே நிற்கிறது, எல்லை அடுக்கு எந்த இடத்தில் கொந்தளிக்கத் தொடங்குகிறது என்பதையெல்லாம் கண்ணால் பார்க்க முடிந்தது. தாங்கிப் பிடிக்கக் கம்பியோ தூணோ இல்லாமல் சுதந்திரமாகப் பறக்கும் மாதிரி என்பதால், படமும் நிஜத்துக்கு நெருக்கமாக இருந்தது.

1951: உருகும் ஊசிகள்

பனிப்போர் காலம். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளை அமெரிக்கா வடிவமைக்கத் தொடங்கியது. மேலே அனுப்பிவிடலாம், சரி. ஆனால், விண்வெளியிலிருந்து மீண்டும் காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது அந்த முனை எரிந்து சாம்பலாகிவிடுமே?

இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூமியைச் சுற்றும் கலத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 7.8 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒவ்வொரு கிலோ எடைக்குள்ளும் சுமார் 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. கலத்தின் எடை 3 டன் என்றால், கிட்டத்தட்ட 25,000 யூனிட். இரு மாதத்துக்கு 500 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு 8 வருஷம் வரும். அத்தனையையும் சில நிமிடங்களில் தொலைத்தாக வேண்டும். தொலைந்த ஆற்றல் வெப்பமாகத்தான் மாறும். அந்த வெப்பம் எங்கே போகும்?

ஒலியை மிஞ்சும் விமானம் என்றால் கூர்மையான மூக்கு வேண்டும் என்பது அன்றைக்குப் பொறியாளர்களின் ரத்தத்தில் ஊறிய பாடம். அதனால் ஏவுகணை முனையையும் ஊசிபோலத்தான் வரைந்தார்கள். அந்த ஊசி உருகிப்போகும் என்று கணக்குகள் சொல்லின. உருகாத உலோகத்தைத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

ஆலன் உலோகத்தைத் தேடவில்லை. வெப்பம் எங்கே போகிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார். தன் பிரிவிலிருந்த இளம் ஆய்வாளர் ஆல்ஃபிரட் எகர்ஸுடன் சேர்ந்து அவர் போட்ட கணக்கு, இன்று விண்வெளிப் பொறியியல் பாடங்களில் வரும்.

காற்று ஒரு பொருளை இரண்டு விதமாகத் தடுக்கும். ஒன்று, மேற்பரப்பில் தேய்த்து உராய்வால் தடுப்பது. இன்னொன்று, முன்னால் அழுத்தித் தடுப்பது. கலம் இழக்கும் ஆற்றலில் எத்தனை பங்கு அதற்குள்ளேயே வெப்பமாக இறங்கும் என்பது, மொத்தத் தடையில் உராய்வின் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. துல்லியமாகச் சொன்னால், அந்தப் பங்கில் ஏறத்தாழ பாதி.

ஊசி வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அது காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் முன்னால் அழுத்தம் குறைவு. தடை பெரும்பாலும் உராய்வால் வருவது. ஆக, மொத்த ஆற்றலில் பாதிவரை ஊசிக்குள்ளேயே இறங்கிவிடும். தப்பிக்க வழியே இல்லை.

இப்போது மூக்கை மொட்டையாக்குங்கள். முன்னால் உள்ள காற்றுக்கு விலகி ஓட நேரமில்லை. அது நசுங்கி, கலத்துக்குச் சற்று முன்னால் வில்போல வளைந்த வலுவான அதிர்வலை உருவாகும். காற்று பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாகும். ஆனால், அந்தச் சூடான காற்றில் பெரும்பகுதி கலத்தைத் தொடாமலேயே இருபுறமும் வழிந்து பின்னால் போய்விடும். கலம் இழக்கும் ஆற்றல் காற்றைச் சூடாக்கவே செலவாகிறது. கலத்துக்குள் இறங்குவது சிறு பங்கு மட்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. மூக்கின் வளைவு ஆரம் 4 மடங்கு பெரிதானால், அதன் நடுப்புள்ளியில் இறங்கும் வெப்பத்தின் வேகம் பாதியாகக் குறையும். சமையலறையில் கூரான கத்தி முனை சட்டென்று சூடாவதையும், கனத்த கல் மெதுவாகச் சூடாவதையும் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் ஓரளவு பழகியதாகத் தோன்றும். ஆனால் இங்கே வித்தியாசத்துக்குக் காரணம் பொருளின் கனம் கிடையாது, காற்று ஓடும் விதம்.

அதே ஆய்வில் இன்னொரு வியப்பும் வெளிவந்தது. நேராக விழும் கலம் அனுபவிக்கும் அதிகபட்ச வேகக்குறைவு, அதன் எடையையோ பருமனையோ பொறுத்ததில்லை. எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் நுழைகிறது என்பதை மட்டுமே பொறுத்தது. விண்வெளி வீரரின் உடம்பு தாங்குமா என்ற கேள்விக்கான விடையும் இதில் இருந்தது.

பூட்டி வைத்த அறிக்கை

1953இல் ஆலனும் எகர்ஸும் எழுதிய அறிக்கை ரகசிய ஆவணமாக உள்ளே போனது. காரணம் வெளிப்படை. அந்த வடிவம் முதலில் காப்பாற்றப்போவது மனிதரை அல்ல, அணுகுண்டை. அட்லஸ், தோர் ஏவுகணைகளின் முதல் தலைமுறை முனைகள் மழுங்கலாகவே செய்யப்பட்டன. அறிக்கை பொதுவெளிக்கு வந்து என்.ஏ.சி.ஏ. ஆவணமாக அச்சேறியது 1958இல். அதற்கு முந்தைய ஆண்டே அந்த அமைப்பு ஆலனுக்கு உயரிய பதக்கம் கொடுத்து கௌரவித்திருந்தது.

அதன்பின் கதை வேடிக்கையான திசையில் போனது. எரிந்து தேய்ந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும் புதிய பூச்சுப் பொருட்கள் வந்ததும், ஆயுத முனைகள் மீண்டும் ஒல்லியாகின. இலக்கை வேகமாகவும் துல்லியமாகவும் தாக்க அதுதான் வசதி. மழுங்கிய வடிவம் உயிரோடு திரும்ப வேண்டியவர்களுக்கு என்று ஆகிப்போனது. 1958 அக்டோபர் 1 அன்று நாசா பிறந்தது. மேக்ஸிம் ஃபாஜே குழுவினர் வடிவமைத்த மெர்க்குரி கலம், அகன்ற அடிப்பாகத்தை முன்னால் வைத்து இறங்கியது. 1961இல் ஆலன் ஷெப்பர்டும், 1962இல் பூமியைச் சுற்றிவந்த ஜான் கிளென்னும் அதில்தான் வீடு திரும்பினார்கள். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரினைச் சுமந்து வந்த சோவியத் வஸ்தோக் கலமோ ஒரு பந்து. அதுவும் மொட்டைதான். இயற்பியலுக்கு அமெரிக்கா, ரஷ்யா என்ற பேதம் இல்லை.

ஆலன் இதற்குப் பிறகு விண்கற்கள் பக்கம் கவனத்தைத் திருப்பினார். காற்றில் எரிந்துகொண்டே விழும் கல்லும் ஒரு மறுநுழைவுக் கலம்தானே? 1965இல் ஏம்ஸ் மையத்தின் இயக்குநரானார். 1969இல், மனிதர் நிலவில் கால்பதித்த அதே ஆண்டில், ஓய்வு பெற்றார். நிலவிலிருந்து நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பிய அப்போலோ கலங்களைக் காத்ததும் அவருடைய கருத்துதான். 1977 ஜனவரி 29 அன்று, 66 வயதில் காலமானார். ஏம்ஸ் மையத்தில் சிறந்த ஆய்வுக் கட்டுரைக்கு இன்றும் அவர் பெயரில் விருது தருகிறார்கள்.

மொட்டை மூக்கு கிளப்பிய புதிர்

ஆலனின் வடிவம் வெப்பத்தில் பெரும்பங்கை வெளியே தள்ளிவிட்டது. மிச்சமிருக்கும் சிறு பங்கு? அது எல்லை அடுக்கின் வழியாகத்தான் கலத்துக்குள் வர வேண்டும். அந்த அடுக்கு வரிச்சீராக இருந்தால் வரும் வெப்பம் குறைவு. சுழற்சியாக மாறினால் பல மடங்கு கூடும். மூக்கின் நடுவில்தான் அதிகச் சூடு என்ற கணக்கும் மாறிப்போகும். நடுப்பகுதியைவிட, காற்று வேகம் பிடித்து ஓடும் தோள்பட்டைப் பக்கம் அதிகமாகச் சுடும். கவசத்தை எங்கே, எவ்வளவு தடிமனாக வைப்பது என்பதே இதைப் பொறுத்ததுதான். குறைத்து வைத்தால் உயிருக்கு ஆபத்து. கூட்டி வைத்தால் அந்த எடைக்குக் கருவிகளை இறக்கிவிட வேண்டும்.

சரி, மழுங்கிய மூக்கின் மேல் காற்று எப்போது கொந்தளிக்கும்?

கோட்பாட்டைக் கேட்டால், கொந்தளிக்கவே கூடாது. காரணங்கள் வலுவானவை. அதிர்வலையைத் தாண்டியதும் மூக்கின் முன் காற்று மிக மெதுவாகிவிடுகிறது. கலம் ஒலியைவிட 25 மடங்கு வேகத்தில் வந்தாலும், மூக்கின் நடுப்பகுதியை ஒட்டி ஓடும் காற்றின் வேகம் அங்குள்ள ஒலி வேகத்துக்கும் கீழேதான். அதனால், கூரான முனைகளில் எல்லை அடுக்குக்குள் சிக்கிக்கொண்டு வளரும் ஒலி அலைகள் இங்கே உருவாக வாய்ப்பில்லை. அடுத்து, நடுவிலிருந்து தோளை நோக்கிப் போகப் போகக் காற்று வேகம் பிடிக்கிறது. வேகம் கூடிக்கொண்டே போகும் காற்று எளிதில் கலையாது. மூன்றாவதாக, சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டால் கவசத்தின் மேற்பரப்பு மிகக் குளிர்ச்சி. சாதாரண அலைகளின் வளர்ச்சியை அது அடக்கும்.

ஆனால், சோதனைகளில் கொந்தளிப்பு வந்தது. அதுவும் எதிர்பார்த்ததற்கு மிகவும் முன்னாலேயே, காற்று மெதுவாக ஓடும் பகுதியிலேயே வந்தது. இதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரே ‘மழுங்கிய மூக்கின் முரண்’.

குற்றவாளி யார் என்று தேடினால், பழைய பூச்சிக் கதைதான் திரும்ப வருகிறது: மேற்பரப்பின் சொரசொரப்பு. பளபளவென்று தேய்த்த மாதிரிகளில் கொந்தளிப்பு தள்ளிப்போனது. சொரசொரப்பு கூடக் கூட முன்னால் வந்தது. கண்ணுக்குத் தெரியாத மேடுகூடப் போதும். ஏனென்றால், மூக்கின் மேல் எல்லை அடுக்கு அவ்வளவு மெல்லியது.

ஆனால், அந்த மேடு கிளப்பும் அசைவுகள் கோட்பாட்டின்படி தானாக அடங்கிப்போக வேண்டுமே? ஈலை ரெஷோட்கோ போன்ற ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஊரில் கிளம்பும் வதந்தியை யோசித்துப் பாருங்கள். இரண்டு நாள் போனால் அது தானாக அடங்கிவிடும். ஆனால், அடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் வேகமாகப் பரவும். அந்த ஒரு மணி நேரத்தில் கைகலப்பு வெடித்துவிட்டால், வதந்தி நாளை அடங்கி என்ன பயன்? எல்லை அடுக்கிலும் இப்படித்தான். சொரசொரப்பு கிளப்பும் நீளமான கீற்றுகள் கொஞ்ச தூரத்துக்கு வளர்ந்து, பிறகு தேயும். தொடக்கத்தில் மேடு பெரிதாக இருந்தால், தேயத் தொடங்கும் முன்பே கீற்றுகள் உடைந்து கொந்தளிப்பாகிவிடும்.

இதில் இன்னொரு சிக்கல், காப்பாற்றும் கவசமே சொரசொரப்பை உண்டாக்குகிறது. எரிந்து தேய்ந்துதானே அது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது? தேயும்போது மேற்பரப்பு ஒரே சீராகத் தேயாது. கிளம்பும்போது வழவழப்பாக இருந்தது, இறங்கும்போது கரடுமுரடாகிவிடும். கலம் கீழே வர வரக் காற்றின் அடர்த்தியும் கூடும். அடர்த்தியான காற்று சீக்கிரம் கொந்தளிக்கும். பெரிய கலம் என்றால் இன்னும் சீக்கிரம்.

விண்வெளியில் கையால் பிடுங்கிய துணி

இதெல்லாம் ஆய்வுக்கூடச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2003இல் கொலம்பியா விண்கலம் திரும்பும் வழியில் சிதைந்து 7 பேர் உயிரிழந்தனர். இறக்கையின் முன்விளிம்பில் விழுந்த ஓட்டை வழியே சூடான காற்று உள்ளே புகுந்தது அதற்குக் காரணம். அதன் பிறகு முதன்முதலாக 2005இல் டிஸ்கவரி ஓடம் பறந்தது. இறக்கை வைத்த ஓடமாக இருந்தாலும், காற்றுக்குள் நுழையும்போது அதுவும் மூக்கைத் தூக்கி, அகன்ற வயிற்றைக் காட்டிக்கொண்டு ஆலன் சொன்ன வழியில்தான் இறங்கியது.

விண்வெளியில் டிஸ்கவரியின் வயிற்றுப் பக்கத்தைப் படமெடுத்தபோது, ஓடுகளுக்கு நடுவே இடைவெளியை நிரப்ப வைத்திருந்த பீங்கான் இழைத் துணி இரண்டு இடங்களில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஓரிரு சென்டிமீட்டர் துருத்தல், அவ்வளவுதான். ஆனால், அது காற்றைச் சீக்கிரமே கொந்தளிக்க வைத்தால், பின்னால் உள்ள ஓடுகளும் இறக்கை விளிம்பும் எவ்வளவு சூடாகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உறுதியில்லாத கணக்கை நம்பி 7 பேரை இறக்க நாசா தயாராக இல்லை. ஆகஸ்ட் 3 அன்று ஸ்டீஃபன் ராபின்சன், இயந்திரக் கையில் தொங்கியபடி ஓடத்தின் அடியில் போய், இரண்டையும் கையாலேயே உருவி எடுத்தார்.

2009 மார்ச்சில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். டிஸ்கவரியின் இறக்கை அடியில், சுமார் 6 மில்லிமீட்டர் மேடு வைத்த ஓடு ஒன்றை வேண்டுமென்றே பொருத்தி அனுப்பினார்கள். ஓடம் திரும்பி வரும்போது, கீழே பறந்த கடற்படை விமானம் ஒன்று அகச்சிவப்புக் கேமராவில் அதைப் படம் பிடித்தது. அந்தக் குட்டி மேட்டுக்குப் பின்னால் சூடான பட்டை ஒன்று விரிந்திருந்தது.

செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி ஊர்தியைச் சுமந்த கலத்தின் கவசம் 4.5 மீட்டர் அகலம். இவ்வளவு பெரிதாக இருந்தால் கொந்தளிப்பு நிச்சயம் என்று தொடக்கத்திலிருந்தே வைத்துக்கொண்டு வடிவமைத்தார்கள். முதலில் தேர்ந்தெடுத்த கவசப் பொருள் சோதனையில் தோற்றதும், ஏம்ஸ் மையத்தில் பிறந்த வேறொரு பொருளுக்கு மாறினார்கள். 2012 ஆகஸ்டில் இறங்கியபோது, கவசத்துக்குள் புதைத்திருந்த வெப்பமானிகள் கொந்தளிப்பு வந்ததைப் பதிவு செய்தன.

நம்ம கலம்

இந்தியாவும் இதே பாதையில்தான் நடக்கிறது. 2007 ஜனவரியில் இஸ்ரோவின் எஸ்.ஆர்.இ.-1 கலம் பூமியைச் சுற்றிவிட்டு வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது. 550 கிலோ எடை, மழுங்கிய மூக்கு. 2014 டிசம்பர் 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பாய்ந்த எல்.வி.எம்.3 ராக்கெட், ஆளில்லாத மனிதக் கலத்தின் மாதிரியைச் சோதித்தது. அதன் அகலம் 3.1 மீட்டர். ககன்யானில் வீரர்கள் திரும்பும்போதும், அவர்களுக்கும் பல ஆயிரம் டிகிரி காற்றுக்கும் நடுவே இருக்கப்போவது ஆலனின் வடிவமும் ஒரு கவசமும்தான்.

கொந்தளிப்பு எந்த நொடியில் தொடங்கும் என்று கச்சிதமாகச் சொல்லும் சூத்திரம் பொறியாளர்கள் கையில் இன்றும் இல்லை. பழைய சோதனைகளிலிருந்து கிடைத்த விதிகளை வைத்து மதிப்பிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால், முழுக்கவும் கொந்தளிப்பு என்றே வைத்துக்கொண்டு கவசத்தைத் தடிமனாக்குகிறார்கள். அந்தக் கூடுதல் தடிமன், நமக்கு இன்னும் தெரியாததற்காக ஒவ்வொரு கலமும் சுமக்கும் எடை.

அடுத்த முறை ஒரு கலம் பாராசூட் விரித்துக் கடலில் இறங்கும் காட்சியை ஃபோனில் பார்க்கும்போது, அதன் கருகிய அடிப்பாகத்தைச் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் ஒரு நிறம், அங்கங்கே கீற்றுகள். காற்று எங்கே அமைதியாக ஓடியது, எங்கே பொறுமை இழந்தது என்பதை ஆய்வாளர்கள் அந்தக் கரியில்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.